வளரும் நகரத்துக்கு ஓர் அணி: வாசகர் கேள்விகள்

வேகமாக வளரும் நகரங்களில் தொழில்முறை விளையாட்டு அணிகளைத் தொடங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஒரு கூடைப்பந்து கிளப்பின் டிக்கெட் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் அதே கிளப்பின் நிர்வாகத்தைப் பார்த்தவன் நான். அதனால் என் பதில்கள் ஆடுகளத்தைவிட காலரிப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும்.

எங்கள் நகரத்தில் ஜனத்தொகை மளமளவென்று ஏறுகிறது. புதிய அலுவலகங்கள், அடுக்குமாடிகள், நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்கள். சில தொழிலதிபர்கள் சேர்ந்து ஓர் அணி தொடங்க நினைக்கிறோம். இவ்வளவு ஜனம் இருக்கும் ஊரில் ரசிகர்களுக்கா பஞ்சம்?

பஞ்சம் வரலாம். அமெரிக்காவின் அட்லாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் அங்கே ஃபிளேம்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி தொடங்கியது. 1980-ல் கனடாவின் கால்கரிக்குப் போய்விட்டது. 1999-ல் திராஷர்ஸ் என்று இன்னோர் அணி வந்தது. 2011-ல் அதுவும் வின்னிபெக்குக்கு மூட்டை கட்டியது. இத்தனைக்கும் அந்த நகரம் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. அதே ஊரில் 2017-ல் ஆட வந்த அட்லாண்டா யுனைடெட் கால்பந்து அணிக்குச் சில ஆட்டங்களில் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டாவது சீசனிலேயே லீக் கோப்பையும் கிடைத்தது. ஊர் ஒன்றுதான், ஜனமும் ஒன்றுதான். கதை மட்டும் வேறு.

வளரும் நகரத்தில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். வரும்போது தங்கள் பழைய ஊரின் அணியையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களை உங்கள் ரசிகர்கள் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இதை லாஸ் வேகஸில் சரியான வரிசையில் செய்தார்கள். பில் ஃபோலி என்ற தொழிலதிபர் 2015 பிப்ரவரியில் சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தார். அப்போது அணி இல்லை, பெயர் இல்லை, ஒரு வீரர்கூட இல்லை. லீக் அனுமதி தரும் என்ற உறுதியும் இல்லை. பாலைவன நகரத்தில் ஐஸ் ஹாக்கியா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 10,000-க்கு மேற்பட்ட இருக்கைகளுக்கு ஜனங்கள் பணம் கட்டினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் லீக்கிடம் பேசினார். 2016 ஜூனில் அனுமதி கிடைத்தது, 50 கோடி டாலர் நுழைவுக் கட்டணத்துக்கு. 2017-ல் முதல் ஆட்டம்; 2023-ல் அந்த லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை.

அவ்வளவு பணம் உங்களிடம் இல்லையென்றால் சான் அன்டோனியோ செய்ததைப் பாருங்கள். 1973-ல் அந்த ஊர்த் தொழிலதிபர்கள் சிலர் டல்லாஸில் திணறிக்கொண்டிருந்த கூடைப்பந்து அணியை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஊர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. முதல் சீசன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்கியே விட்டார்கள். அதுதான் இன்றைய சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்.

ஆகவே, உங்கள் கூட்டத்தில் அடுத்த தடவை 'நம் ஊர் ஜனத்தொகை எவ்வளவு' என்று யாராவது ஆரம்பித்தால், 'முன்பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்' என்று கேளுங்கள்.

முதல் வருடமே பெயர் பெற்ற ஒரு வீரரைப் பெரிய சம்பளத்துக்குக் கொண்டுவந்தால் கூட்டம் தானாக வராதா?

முதல் ஆட்டத்துக்கு வரும். மூன்றாம் வருடம் அவர் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை.

சீனாவின் குவாங்ஜோ எவர்கிராண்டே கால்பந்து அணி எட்டு முறை லீக் சாம்பியன். 2013, 2015 இரண்டு வருடமும் ஆசிய சாம்பியன். மிக வேகமாக வளர்ந்த நகரம், பிரேசிலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவர முடிந்த பணம். அத்தனையும் ஒரே ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் தோளில் இருந்தது. அந்த நிறுவனம் கடனில் மூழ்கியதும் அணியும் கூடவே இறங்கியது. 2025 ஜனவரியில் லீக் உரிமம் கிடைக்காமல் கிளப்பே மூடப்பட்டது. நான்ஜிங் நகரின் ஜியாங்சு அணியின் கதை இன்னும் வேகமானது: 2020 நவம்பரில் லீக் சாம்பியன், 2021 பிப்ரவரி கடைசியில் கதவடைப்பு.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வீரர்கள், பயிற்சியாளர் சம்பளம், வீரர்களை வாங்கும் செலவு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து கிளப் வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நூறு வருடத்துக்கு மேல் வேரூன்றிய கிளப்புகளுக்கே இது பாடாய் இருக்கிறது. டிக்கெட், ஸ்பான்சர், ஒளிபரப்பு உரிமை, சட்டை விற்பனை எதுவும் இன்னும் நிலைக்காத புது அணி இதைவிடக் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நட்சத்திர வீரரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானின் காஷிமா, தொழிற்சாலைகளைச் சுற்றி எழுந்த ஒரு சின்ன ஊர். அங்கிருந்த கால்பந்து அணி ஓர் இரும்பு ஆலையின் அணி, இரண்டாம் பிரிவில் இருந்தது. புதிய தொழில்முறை லீக்கில் சேரக் கேட்டபோது வாய்ப்பே இல்லை என்கிற மாதிரிதான் பதில் வந்தது. கூரை போட்ட 15,000 இருக்கை மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். கட்டினார்கள்! 1991-ல் பிரேசிலின் நட்சத்திர வீரர் ஜிகோ அங்கே போனார். கோல் அடிப்பதோடு நிற்கவில்லை. ஒரு தொழில்முறை வீரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த ஆலை அணிக்குக் கற்றுக்கொடுத்தார். 1993-ல் லீக் தொடங்கியதும் சீசனின் முதல் கட்டத்தை வென்றது காஷிமா ஆன்ட்லர்ஸ்தான். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற ஆள் கிடைத்தால் கடன் வாங்கியாவது கூட்டி வாருங்கள் என்றுகூடச் சொல்வேன். இரண்டு விளம்பரத்தில் தலைகாட்டிவிட்டுப் பாதி ஆட்டம் காயத்தில் உட்காருகிறவர் வேண்டாம்.

உங்கள் முதல் நல்ல சம்பளத்தை ஒரு திறமையான டிக்கெட் மேலாளருக்குக் கொடுங்கள். அவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் இரண்டாம் வருடம் நல்ல வீரருக்குப் பணம் இருக்கும்.

நான் ஒரு புது கிளப்பில் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். காலி இருக்கைகள் டிவியில் அசிங்கமாகத் தெரிகின்றன என்று முதலாளி இலவச டிக்கெட்டுகளை வாரி இறைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப வேண்டிய கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுழைவாயிலில் ஸ்கேனர் பிடித்து நின்றவனுக்குத் தெரியும், இலவச டிக்கெட்டில் பாதிகூட வாசலுக்கு வராது. காசு கொடுக்காததால் வராமல் இருப்பதற்கு மழைத் தூறல் போதும். ஆக, காலி இருக்கை அப்படியேதான் இருக்கும். அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. காசு கொடுத்து வாங்கியவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறார். 'எங்கள் ஆபீஸில் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள் சார்' என்கிறார் அவர். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் உங்கள் டிக்கெட்டின் விலை பூஜ்யம். அடுத்த சீசனுக்கு அவர் பணம் கட்ட மாட்டார். யாராவது சும்மா தருவார்கள் என்று காத்திருப்பார்.

ஆனால் இலவசத்தை ஒழுங்காகச் செய்து ஜெயித்தவர்களும் உண்டு. ஜப்பானின் நிகாடா ஊரில் அல்பிரெக்ஸ் கால்பந்து அணி, உலகக் கோப்பைக்காகக் கட்டிய 40,000 பேர் கொள்ளும் மைதானத்தை நிரப்ப வேண்டியிருந்தது. தெரு சங்கங்கள் வழியாக வீடு வீடாக அழைப்பு அனுப்பினார்கள். பல வீடுகளில் தாத்தா பாட்டியிலிருந்து பேரன் பேத்திவரை குடும்பமாக வந்தார்கள். வந்தவர்கள் பிறகு காசு கொடுத்தும் வர ஆரம்பித்தார்கள். 2005-ல் அந்த அணியின் சராசரிக் கூட்டமே 40,000-ஐத் தொட்டது.

உங்கள் முதலாளியிடம் இப்படிக் கேளுங்கள்: இலவசமாகப் போகும் ஒவ்வொரு டிக்கெட்டும் யார் கைக்குப் போகிறது என்று எழுதி வைக்கச் சம்மதமா? பெயர், போன் நம்பர், எந்தப் பகுதி, குடும்பத்தில் எத்தனை பேர். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் அவருக்குப் போன் போக வேண்டும். 'எப்படி இருந்தது, அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கட்டுமா?' அந்தப் போன் பேச ஆள் இருந்தால் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் கொடுக்காதீர்கள். முதல் தடவை வருகிறவருக்குத் தருவதும் சரி, ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டாம் தடவை சும்மா தராதீர்கள்.

டிவியில் காலியாகத் தெரிகிறது என்பதற்கு எளிய வழி இருக்கிறது. கேமராவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் காலரிக்கு விலையைக் குறைத்து, அந்தப் பக்கத்தை முதலில் நிரப்புங்கள். மேல் அடுக்கைத் துணி போட்டு மூடிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெரிய லீக்குகளே செய்கிற வேலைதான்.

மைதானம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? எங்கள் ஊரில் நகரத்துக்கு வெளியே இடம் மலிவாகக் கிடைக்கிறது.

மலிவான இடத்தைப் பற்றி முதலில். பீனிக்ஸ் நகரத்து ஐஸ் ஹாக்கி அணியான கயோட்டீஸ், 2003 கடைசியில் மேற்குப் பக்கத்து கிளென்டேல் நகராட்சி கட்டிக்கொடுத்த அரங்கத்துக்குப் போனது. அதன் ரசிகர்களில் நிறையப் பேர் கிழக்குப் பக்கம் இருந்தார்கள். வேலை விட்டு, மாலை நெரிசலில் நகரத்தைக் குறுக்கே கடந்து ஆட்டத்துக்குப் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் எத்தனை பேர் போவார்கள்? 2009-ல் கிளப் திவால் மனு கொடுத்தது. குத்தகை விஷயத்தில் நகராட்சியோடு தகராறு. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் 5,000 பேர்கூடக் கொள்ளாத அரங்கத்தில் ஆட வேண்டிய நிலை. 2023-ல் டெம்பி நகர வாக்காளர்கள் புதிய அரங்கத் திட்டத்தை நிராகரித்தார்கள். 2024-ல் வீரர்கள் எல்லோரும் சால்ட் லேக் சிட்டிக்கு மாறிவிட்டார்கள். தோல்விகளும் முதலாளி மாற்றங்களும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் அந்த இடத் தேர்வு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடம் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிறு காலையில் போகாதீர்கள். வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு, நகரத்தின் நடுவிலிருந்து பஸ்ஸில் போய்ப் பாருங்கள். இரவு பத்தரைக்கு அங்கிருந்து பஸ்ஸிலேயே திரும்பி வாருங்கள்.

அளவு விஷயத்தில், ஆசைப்படுவதைவிடச் சின்னதாகக் கட்டுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கிய புதிதில் அணிகள் பிரமாண்டமான மைதானங்களில் ஆடின. வந்த கூட்டம் அதில் தொலைந்துபோனது. 1999-ல் கொலம்பஸ் அணி கால்பந்துக்கென்றே சுமார் 22,000 பேருக்கு ஒரு மைதானம் கட்டிய பிறகு மற்ற ஊர்களும் அந்த வழிக்கு வந்தன. 2024-ல் கன்சாஸ் சிட்டியில் பெண்கள் அணிக்கென்றே திறந்த மைதானத்தில் 11,500 இருக்கைகள்தான். இடம் கிடைக்காது என்ற பயம் வந்தால்தான் ஜனங்கள் சீசன் முழுக்கப் பணம் கட்டுவார்கள். பின்னால் பெரிதாக்க ஒரு பக்கத்தில் நிலம் விட்டு வையுங்கள், போதும்.

அணிக்குப் பெயர் வைப்பதில் எங்களுக்குள் சண்டை. விளம்பர நிறுவனம் ஒன்று சொல்கிறது, ரசிகர்கள் வேறு சொல்கிறார்கள்.

ரசிகர்கள் பக்கம் நில்லுங்கள். சியாட்டிலில் 2008-ல் புதுக் கால்பந்து அணியின் பெயருக்கு வாக்கெடுப்பு வைத்தபோது ஊர் பல வருடம் கூப்பிட்டுப் பழகிய 'சவுண்டர்ஸ்' என்ற பெயர் பட்டியலிலேயே இல்லை. ரசிகர்கள் கொதித்ததும், விரும்பும் பெயரை எழுதிப்போடலாம் என்று மாற்றினார்கள். சவுண்டர்ஸ் அமோகமாக ஜெயித்தது. பொது மேலாளரைத் தொடர வைப்பதா நீக்குவதா என்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை வாக்களிக்கும் உரிமையும் அங்கே சீசன் டிக்கெட்காரர்களுக்கு உண்டு. அதையும் யோசித்துப் பாருங்கள்.

வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்தவள் நான். இங்கே புதிதாக ஓர் அணி வந்திருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் போகிறார்கள். எனக்கு மட்டும் அது யாரோ ஒருவருடைய அணி மாதிரி இருக்கிறது. தவறா?

தவறே இல்லைம்மா. அணி ஊருக்குள் வந்ததுமே மனசுக்குள்ளும் வந்துவிடாது. அதைச் செய்ய வேண்டியது கிளப்தான்.

லாஸ் வேகஸ் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, ஓர் இசை நிகழ்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து, அப்போதைய கணக்குப்படி 58 பேர் கொல்லப்பட்டார்கள். ஃபோலியின் அணியான கோல்டன் நைட்ஸ் சொந்த அரங்கத்தில் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆட வேண்டிய நாள் அக்டோபர் 10. ஒரு புது அணி தன்னைக் கொண்டாட எவ்வளவோ ஏற்பாடு செய்திருக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தார்கள். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைகளில் விளம்பரங்களை எடுத்துவிட்டு, நகரத்துக்குத் தைரியம் சொல்லும் வாசகத்தை மட்டும் வைத்தார்கள். அன்றிரவு காயம்பட்டவர்களைக் காப்பாற்றிய போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், டாக்டர்கள், நர்ஸுகள் ஒவ்வொருவராக வீரர்களோடு சேர்ந்து ஆடுகளத்துக்குள் வந்தார்கள். 58 விநாடி மௌனம். பிறகு மைக்கைப் பிடித்தவர் டெரிக் எங்கலண்ட் என்ற தடுப்பாட்டக்காரர். அவரும் உங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்தான். 2003-ல் சின்ன லீக் ஒன்றில் ஆட அந்த ஊருக்கு வந்து, அங்கேயே கல்யாணம் செய்து வீடு வாங்கிக் குடியேறியவர். இந்த நகரத்தில் வாழ்வதில் பெருமைப்படுகிறேன் என்று பேசினார். அன்றைய ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். வழக்கமாக அவர் கோல் அடிக்கிற ஆள் அல்ல. அந்த அணியில் 58-ஆம் எண் சட்டையை இனி யாரும் போட முடியாது. கொல்லப்பட்டவர்களுக்காக அதை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு துயரம் எந்த ஊருக்கும் வர வேண்டாம். நான் சொல்ல வருவது, அன்றைக்கு அந்த அணி தன் ஊர் எங்கே வலியில் இருக்கிறது என்று பார்த்தது. உங்கள் ஊர் அணி உங்களைப் போல வந்தவர்களைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிடித்தால் சரி. பிடிக்கவில்லையென்றால் பழைய ஊர் அணியின் சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள், யாரும் உங்களைக் கேட்க முடியாது.

முதல் மூன்று வருடமும் தோற்றுக்கொண்டே இருந்தால் ரசிகர்கள் ஓடிவிட மாட்டார்களா?

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காதவர்களுக்கு நாங்கள் போன் போட்டுக் காரணம் கேட்போம். தோல்வியைச் சொன்னவர்கள் எப்போதும் குறைவுதான். 'கழிப்பறை வரிசையில் நின்றே பாதி ஆட்டம் போய்விடுகிறது', 'திரும்பிப் போகப் பஸ் இல்லை', 'என் பக்கத்து இருக்கையை மாற்றிவிட்டீர்கள், கூட வரும் நண்பர் எங்கேயோ உட்காருகிறார்' என்று இப்படித்தான் வரும். இவற்றைச் சரிசெய்ய நல்ல வீரர் தேவையில்லை.

ஜனங்கள் தோல்வியைப் பொறுப்பார்கள். முதலாளி மேல் நம்பிக்கை போனால்தான் பொறுக்க மாட்டார்கள். சார்லட் நகரத்தில் 1988-ல் ஹார்னெட்ஸ் கூடைப்பந்து அணி வந்தது. முதல் சீசனில் தோல்விகளே அதிகம். ஆனாலும் வருகையில் லீக்கிலேயே முதலிடம். தொடர்ந்து 364 ஆட்டங்கள் இருக்கை காலியில்லாமல் நடந்தன. பிறகு முதலாளிக்கும் ஊருக்கும் மனக்கசப்பு. 2001-ல் புதிய அரங்கத்துக்கான வாக்கெடுப்பு தோற்றது. 2002-ல் அணி நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டது. போகிற வருடம் நல்ல ஆட்டம் ஆடிய அணிதான், ஆனால் அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. இதற்கு நேர்மாறு, மேலே சொன்ன கொலம்பஸ் கால்பந்து அணி. 2017-ல் முதலாளி அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், சீசன் டிக்கெட் வாக்குறுதி திரட்டினார்கள், புது முதலாளிகள் வரும்வரை விடவில்லை. அந்த அணி 2020-லும் 2023-லும் கோப்பை வென்றது. ஆஸ்டினுக்கும் 2021-ல் தனியாக ஓர் அணி கிடைத்தது.

முதலாளிகள் ஐந்து வருட நஷ்டத்துக்கு வேண்டிய பணத்தைத் தொடங்கும்போதே தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கறாரான கருத்து. அது முடியாதென்றால் இன்னும் கீழ்நிலை லீக்கில் ஆரம்பியுங்கள்.

பள்ளிச் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் ஊரில் ஆண்கள் அணி ஒன்று தொடங்கப் போகிறார்கள். எங்களுக்கு அதனால் என்ன கிடைக்கும்? எப்படிக் கேட்பது?

கேட்டால்தான் கிடைக்கும், இப்போதே கேளுங்கள். அணி தொடங்கிய பிறகு எல்லாருக்கும் நேரமிருக்காது.

ஜப்பான் கால்பந்து லீக் 1993-ல் தொடங்கும்போதே, சேரும் கிளப்புகள் சிறுவர், இளைஞர் அணிகளையும் நடத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் 2022-ல் ஆட வந்த ஏஞ்சல் சிட்டி பெண்கள் கால்பந்து அணி, ஸ்பான்சர் வருமானத்தில் 10 சதவீதத்தை ஊர்ப் பணிகளுக்கு ஒதுக்குகிறது. இவற்றை உங்கள் கடிதத்தில் சொல்லுங்கள். ஆனால் 'சிறுமிகளுக்கு உதவுங்கள்' என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். வந்து பந்து கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்றே விஷயம் கேளுங்கள். கிளப்பின் பயிற்சி மைதானத்தில் வாரம் ஒரு காலை உங்கள் பிள்ளைகளுக்கு, சீசன் முழுக்க, எழுத்தில். உங்களுக்கும் இன்னொரு பெண் பயிற்சியாளருக்கும் உரிமத் தேர்வுக் கட்டணம். பெண்கள் அணி எந்த வருடம் தொடங்கும் என்ற தேதி. கடிதத்தை முதலாளிக்கு மட்டும் அனுப்பாமல், அனுமதி தரப்போகும் லீக்குக்கும் நகராட்சிக்கும் ஒரு நகல் போடுங்கள். மைதானத்துக்கு நகராட்சி நிலமோ பணமோ கொடுப்பதாக இருந்தால் உங்கள் கோரிக்கையை அந்த ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் இப்போது எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எங்கே பயிற்சி செய்கிறார்கள், மழை வந்தால் எங்கே போகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.